வாசல் அவர்களுக்கு, கிணறு எங்களுக்கு

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பேனா பிடித்தது சம்பளம் வாங்கும்போது பெயரை எழுத மட்டும்தான். எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது இன்னும் எனக்குத் தடுமாற்றம். தப்பு கண்ணில் பட்டால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். பேச்சில் நான் இதைவிட மோசம். நாலு பேர் கூடியிருந்தால் எனக்கு வாய் வராது. பேச முடியாமல் போனதால்தான் எழுதுகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர் ஓடும் வீதிக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு. எங்கள் வீடு என்று சொன்னாலும் பின்பாதிதான் எங்களுடையது. முன்பாதி பெரியப்பா மகனுடையது. முறைக்கு எனக்கு அண்ணன். சென்ற மாதம் அண்ணன் வாசலில் ஒரு பலகை மாட்டினான். மேலே பெரிதாக ‘நூற்றாண்டு கண்ட வணிகர் மாளிகை’. கீழே பர்மாத் தேக்கு, பளிங்கு போன்ற பூச்சு, சுதைக் கிளிகள், விருந்தோம்பலில் சிறந்த குடும்பம் என்று வரிசையாக எழுதியிருந்தது. வேலைக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்தி முழுவதும் படித்தேன். பின்கட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. விருந்தோம்பல் என்ற வார்த்தையைப் படித்ததும் எனக்குக் காது சூடாகிவிட்டது. அந்த வீடு விருந்தோம்பலில் எழும்பியதல்ல. பந்திச் சண்டையில் எழும்பியது.

என் தாத்தாவின் அப்பா, பூட்டன் என்போம், ராஜபாளையத்தில் பஞ்சு வியாபாரி. சோழபுரம், ஆலங்குளம் பக்கத்துக் காடுகளில் விளைந்த பருத்தியை வண்டி வண்டியாக வாங்கிப் பொதி கட்டி விற்றவர். அவர் பெண் எடுத்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். மச்சினன் ஜவுளிக்கடைக்காரர். அந்த மச்சினன் புது வீடு கட்டிப் பால் காய்ச்சிய அன்று, முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த பூட்டனை, “மாப்பிள்ளை நம்ம ஆளுதான, அடுத்த பந்தியில பாத்துக்கிடலாம்” என்று சொல்லி எழுப்பிவிட்டு, யாரோ மில்காரரை அந்த இலையில் உட்காரவைத்தார்களாம். பூட்டன் கை கழுவக்கூட நிற்காமல் தெருவில் இறங்கினார். எதிரே ஒரு மனை காலியாகக் கிடந்தது. கொஞ்ச நாளில் அது அவர் கைக்கு வந்தது.

மச்சினன் வீட்டில் எது இருந்ததோ அது இங்கே ஒரு பங்கு கூடுதலாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் கொத்தனாருக்குச் சொன்ன கணக்கு. அங்கே மரத்தூண் என்றால் இங்கே கருங்கல் தூண், அதன் மேல் பூ செதுக்கிய தேக்குப் போதிகை. அங்கே ஓடு வேய்ந்த மச்சு என்றால் இங்கே தட்டோடு பதித்த மொட்டை மாடி. வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி. இரண்டு யானைகளும் துதிக்கையைத் தூக்கி எதிர்வீட்டை முறைத்து நிற்கும். இரட்டைக் கதவு, அதில் பித்தளைக் குமிழ்கள். பட்டாசாலை என்று நாங்கள் சொல்லும் முன்கூடத்துச் சுவருக்குச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்த பூச்சு. இப்போதும் சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் சில்லென்று இருக்கும். ஜன்னல்களுக்கு மேலே சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி. வெயில் ஏறினால் தரையெல்லாம் குங்குமம் கொட்டிய மாதிரி ஆகும்.

மாடிக் கைபிடிச் சுவரில் சுதைக் கிளிகள் வரிசையாக இருக்கின்றன. எல்லாம் தெருவுக்கு முதுகைக் காட்டி நிற்கும். வெளியூர்க்காரர்கள் வந்தால் அண்ணன், “கிளியெல்லாம் கோயிலப் பாத்து நிக்கி பாருங்க, ஆண்டாள் கிளி” என்பான். கோபுரம் வீட்டுக்குப் பின்னால் அந்தத் திசையில்தான் தெரியும் என்பதால் யாரும் மறுத்துக் கேட்பதில்லை. காலையில் கதவைத் திறந்தால் மச்சினன் கிளிகளின் வாலைத்தான் பார்க்க வேண்டும் என்று பூட்டன் சொல்லிச் செய்யவைத்த வேலை அது. எங்கள் குடும்பத்தில் இது தெரியாதவர் கிடையாது. அண்ணனுக்கும் தெரியும். மச்சினன் வீட்டை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே செல்போன் கடை. கிளிகள் அதற்கு வாலைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

தெருவில் நின்று பார்க்கிறவன் வயிறெரிய வேண்டும் என்று கட்டிய வீட்டில் உள்ளே இருக்கிறவர்களுக்கு என்ன மிஞ்சும்? பட்டாசாலை தாண்டி முற்றம். முற்றம் தாண்டி நடுக்கதவு. அந்த இடத்தோடு அலங்காரம் எல்லாம் நின்றுவிடும். கதவுக்கு அந்தப் பக்கம் பூ வேலை, இந்தப் பக்கம் வெறும் பலகை. சுவர்கூட முன்பக்கம் செங்கலும் சுண்ணாம்பும். நடுக்கதவுக்குப் பின்னால் சுடாத பச்சைக்கல்லும் மண் சாந்தும். வந்தவர்கள் யாரும் சமையல்கட்டு வரை வரமாட்டார்கள் என்று பூட்டனுக்குத் தெரியும். பெண்டுகள் புழங்கிய இடம், மாடு கட்டிய இடம், கிணறு, கடைசியில் குனிந்து போகிற ஒரு புறவாசல், அதற்கு வெளியே சாக்கடைச் சந்து. நாங்கள் இருப்பது இங்கே.

பெரியப்பாவும் என் அப்பாவும் பாகம் பிரித்தபோது, மூத்தவனுக்கு முன்கட்டு, இளையவனுக்குப் பின்கட்டு என்று பெரியவர்கள் பேசி முடித்தார்கள். அப்படிப் பிரித்தால் வாசல் ஒருவனுக்கும் கிணறு ஒருவனுக்கும் போய்விடுமே என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “போகட்டும். அவியளுக்குத் தண்ணி வேணும், இவியளுக்கு வாசல் வேணும். ரெண்டு பேருக்கும் ஒருத்தர விட்டா ஒருத்தருக்கு முடியாது. சண்டை போட்டாலும் பொழுது விடிஞ்சா குடத்தத் தூக்கிட்டு வந்துதான ஆகணும்” என்று அவர்கள் சிரித்தார்களாம். நடுக்கதவுக்கு இரண்டு பக்கமும் தாழ்ப்பாள் வைத்தார்கள். இரண்டு பேரும் மனது வைத்தால்தான் அது திறக்கும். பெரிய புத்திசாலித்தனம் என்று அந்தக் காலத்தில் தெருவே மெச்சியதாம்.

கொஞ்ச காலம் அது நடந்தது. பெரியம்மா விடிந்ததும் குடத்தோடு நடுக்கதவைத் தட்டுவாள். என் அம்மா தாழ்ப்பாளை எடுப்பாள், கூடவே வாயையும் திறப்பாள்.

“ஏன் யக்கா, நீங்க இறைக்கிற இறைப்புல எங்க வீட்டுக் கயிறுல்லா தேயுது?”

“கயிறு தேஞ்சா சந்தையில கிடைக்கும்டி. உன் நாக்கு தேஞ்சா எங்க வாங்க?”

“என் நாக்கு தேஞ்சாலும் கொஞ்சம் மிச்சம் வச்சிருப்பேன், ஒங்களுக்குன்னு.”

இப்படியே ஒருத்தி இறைப்பாள், ஒருத்தி திட்டுவாள். அதுவும் ஒரு உறவுதான் என்று இப்போது யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அவர்களுக்குள் அன்பு கிடையாது. தண்ணீர் மட்டும்தான் இருந்தது. அந்தத் தண்ணீர் இருந்ததால்தான் என் அப்பா செத்தபோது முன்வாசலின் இரண்டு கதவும் திறந்தன. அப்பாவைக் கஜலட்சுமிக்குக் கீழே தூக்கிப் போனார்கள். நான் அப்போது ஐந்தாவது முடித்திருந்தேன். அதோடு படிப்புக்கு முழுக்குப் போட்டுவிட்டு, ராஜபாளையம் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கு வேலைக்குப் போனேன். இன்றைக்கும் அங்கேதான்.

பிறகு தெருவுக்குக் குழாய் வந்தது. அண்ணன் முன்பக்கம் போரும் போட்டான். மறுநாளிலிருந்து பெரியம்மா நடுக்கதவைத் தட்டவில்லை. பெரியவர்கள் கணக்கில் குழாய் இல்லை. கிணறு இல்லாமல் ஒரு வீடு இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்கு எங்கள் தண்ணீர் தேவைப்படவில்லை. எங்களுக்கு அவர்கள் வாசல் தேவைப்பட்டது. அண்ணன் தன் பக்கத்துத் தாழ்ப்பாளைப் போட்டு அதில் ஒரு பூட்டையும் தொங்கவிட்டான்.

என் கல்யாணத்தன்று திறந்துவிடச் சொல்லி, முந்தைய வாரமே வெற்றிலைபாக்கு வைத்து அழைத்திருந்தோம். சரி என்றுதான் தலையாட்டினான். பெண்ணை அழைத்துக்கொண்டு மேளத்தோடு வந்து பார்த்தால் முன்வாசல் பூட்டிக் கிடக்கிறது. தேவதானத்தில் அவன் அக்கா வீட்டு விசேஷத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள். போனில் கேட்டதற்கு, “அய்யய்யோ, மறந்தே போச்சு” என்றான். மேளக்காரர்கள் பூட்டிய கதவுக்கு முன்னால் செத்த நேரம் வாசித்தார்கள். அப்புறம் வாசிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார்கள். சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாகப் போனோம். என் மனைவி பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையைத் தாண்டினாள். ஆரத்தி எடுத்த பொம்பளைகளுக்குப் பின்னால் புறவாசலில் குனிந்து நின்ற அம்மா, மணமக்கள் முன்னாலேயே சொன்னாள்:

“வந்தவ சாக்கடையத் தாண்டி வந்தா. நான் சாக்கடையத் தாண்டிப் போகமாட்டேன். என்னைய அந்த வாசல் வழியாத்தான் தூக்கணும். ஏலே, கேட்டுக்க.”

அது வெறும் வீம்பில்லை. அந்தச் சந்தில் பாடை திரும்பாது. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பொம்பளையை அந்த வழியாக எடுத்தபோது முடுக்கில் பாடையை ஒருக்களித்துத்தான் திருப்பினார்கள். கட்டிய கயிறு நழுவி, கை வெளியே வந்து சுவரில் உரசிக்கொண்டே போனது. அம்மா அதைப் புறவாசலில் நின்று பார்த்தாள். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. எழுபது தாண்டியவளுக்கு அதற்குப் பிறகு அந்த ஒரு பயம்தான். ஆஸ்பத்திரி, வலி, காசு எதற்கும் பயப்படாதவள். “ஒருக்களிச்சு எடுத்திருவானுகளோ?” என்று காய்ச்சலில் கிடக்கும்போதும் கேட்பாள்.

நானும் அண்ணனிடம் பேசப் போனேன். முன்வாசலில் நின்று தொண்டையைச் செருமினேன். “என்னல?” என்றான். “அம்மா...” என்றேன். “சின்னம்மாவுக்கு என்ன?” என்றான். “ஒண்ணுமில்ல” என்று திரும்பிவிட்டேன். இப்படி எத்தனை தடவை போயிருப்பேன் என்று நினைவில்லை.

இதற்கு நடுவில் முன்கட்டுக்குப் புது மவுசு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியாகப் போட்டோ எடுக்கிற வழக்கம் நம் ஊருக்கும் வந்ததல்லவா, அதற்கு ராஜபாளையத்திலிருந்தும் சிவகாசியிலிருந்தும் கார்களில் வந்தார்கள். கருங்கல் தூணைக் கட்டிப்பிடிப்பது, சிவப்புக் கண்ணாடி வெளிச்சத்தில் நிற்பது, முற்றத்தில் பாவாடையை விரித்துச் சுற்றுவது. ஜோடிகள் நிற்கும்போது பின்னால் நடுக்கதவின் பூட்டு விழுகிறது என்று போட்டோக்காரர் சொன்னாராம். அண்ணன் கொத்தனாரைக் கூப்பிட்டான். நடுக்கதவை ஒட்டி அவன் பக்கம் செங்கல் வைத்துப் பூசி, அதன் மேல் ஆளுயரத்துக்கு ஒரு கண்ணாடியைப் பதித்து, சுற்றிலும் விளக்கு வைத்துவிட்டான். இந்தப் பக்கம் அம்மா கதவில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி சத்தம் நின்றதும், “அடச்சிட்டான்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை மட்டும் வாரம் ஒருமுறை எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

போன வருடம் கோடையில் பெரியம்மா செத்துப்போனாள். நான் ஷிப்டில் இருந்தேன். போன் வந்ததும் ராஜபாளையத்திலிருந்து பஸ் பிடித்து வந்தேன். பிணத்தைப் பட்டாசாலையில் கிடத்தியிருந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பிணத்தைக் குளிப்பாட்டுகிற தண்ணீரைப் பங்காளிகள் சேர்ந்து போய், வேட்டியைப் பந்தலாகப் பிடித்து, சங்கு ஊதிக்கொண்டு குடத்தில் எடுத்துவர வேண்டும். நீர்மாலை என்பார்கள். குழாயில் எடுக்கிறவர்களும் உண்டு. ஆனால் எங்கள் குடும்பத்தில் பூட்டனிலிருந்து என் அப்பா வரை எல்லோரும் இந்தக் கிணற்றுத் தண்ணீரில் குளித்துத்தான் போனார்கள். வேறு தண்ணீர் ஊற்றினால் ஆத்மா வீட்டையே சுற்றும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். பெரியம்மாவும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கண்ணை மூடியிருக்கிறாள்.

அண்ணன் பின்சந்து வழியாக வந்தான். அவன் அந்தப் புறவாசலில் குனிந்து நுழைந்ததை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அம்மா கிணற்றடியில் உட்கார்ந்திருந்தாள்.

“தண்ணி எடுக்கணும் சின்னம்மா.”

“எந்த வழியா வந்த?”

“சந்து வழியாத்தான்.”

“கால்ல சாக்கடை பட்டுச்சா?”

அவன் குனிந்து காலைப் பார்த்தான்.

“படலன்னா இன்னொருக்கப் போய்ட்டு வா.”

“சின்னம்மா, அங்க பொணம் கெடக்கு. வெளையாடாதீக.”

“நான் எங்க வெளையாடுதேன்? கெணறு எங்கயும் ஓடிப் போகாது. நடுக்கதவத் தொறந்துக்கிட்டு வா. ஊத்துக் காயுத மட்டும் எடு. நான் வேண்டாங்கல.”

“அது சுவரு வச்சாச்சுல்லா. கண்ணாடி பதிச்சிருக்கு. எம்புட்டு செலவு தெரியுமா?”

“வச்சவன் எடுக்கட்டும்.”

“நீர்மாலை தெருவச் சுத்தி வந்தா என்ன கொறஞ்சு போச்சு?”

“எம் மருமவ சந்தச் சுத்தி வந்தாளே, அன்னைக்கு என்ன கொறஞ்சுதோ அதுதான்.”

அண்ணன் என் பக்கம் திரும்பினான். “ஏலே, நீயும் பங்காளிதான? வாயில என்ன வச்சிருக்க?” நான் கிணற்றுக் கப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினான். “தண்ணி என்ன, ஒங்க வீட்டுல மட்டுமா ஊறுது?” என்று கத்திவிட்டுப் போனான். புறவாசல் நிலையில் தலை இடித்தது சத்தமாகக் கேட்டது. அம்மா அதற்குச் சிரிக்கவில்லை. “பெத்தவளுக்குன்னாலும் அந்தச் சுவர இடிக்க மாட்டான்” என்றாள்.

நான் தெருவைச் சுற்றி முன்வாசலுக்குப் போனேன். பங்காளி என்ற முறைக்கு நின்றுதான் ஆக வேண்டும். கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. அதிலிருந்து நீலக் கலர் தண்ணீர் கேன்களை இறக்கி, பிணத்தின் காலடியில் அடுக்கினார்கள். கடையில் விற்கிற கேன் தண்ணீர். மூடியின் மேல் பிளாஸ்டிக் சீல்கூடப் பிரிக்கவில்லை. தெருவே வாயைப் பொத்திக்கொண்டு நின்றது. சங்கு ஊத வந்தவர் சங்கைக் கையில் வைத்துக்கொண்டு, “ஏன் மொதலாளி, சங்க எப்ப ஊதணும்? சீலு பிரிக்கையிலயா, மூடி தொறக்கையிலயா?” என்று கேட்டார். யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் தேவதானத்திலிருந்து அக்கா வந்து இறங்கினாள். பெரியம்மாவின் மூத்த மகள், அண்ணனுக்கும் மூத்தவள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே தலைவிரி கோலம். ஓடிவந்து பிணத்தின் மேல் விழுந்து அழுதவள், தலையைத் தூக்கியபோது கேன்களைப் பார்த்தாள்.

“என்னதுல இது?”

“நீர்மாலைக்குக்கா.”

“அம்மாளக் குளிப்பாட்டப் போறியா, இல்ல பந்தியில தண்ணி வைக்கப் போறியா?”

“கெணத்துத் தண்ணிய சின்னம்மா தரமாட்டேங்கா. நடுக்கதவத் தொறன்னு சொல்லுதா.”

“தொறயேன்.”

“கண்ணாடிக்கா...”

அக்கா எழுந்தாள். முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றாள். அழுது வீங்கிய தன் முகத்தையே அதில் ஒரு தடவை பார்த்தாள். “கண்டவளுவ மூஞ்சி பாக்கதுக்கு அம்மா போற வழிய அடச்சிருக்க. தூ!” என்றாள். பந்தக்கால் ஊன்றக் கொண்டுவந்த கடப்பாரை தூணில் சாய்த்திருந்தது. அதை எடுத்துவிட்டாள். “அக்கா, அக்கா, எறக்கி வச்சிருவோம், ஒடச்சிராத” என்று அண்ணன் நடுவில் பாய்ந்தான். நாலு ஆம்பளைகள் கண்ணாடியைப் பேர்த்து இறக்கினார்கள். இறக்கும்போது அது மூலையில் தெறித்து, மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு ஓடியது. அந்தக் கோட்டைப் பார்த்தபோதுதான் அண்ணன் வாய்விட்டு அழுதான். அக்கா அவனைத் திரும்பிப் பார்க்காமல் செங்கலில் முதல் போடு போட்டாள். பிறகு ஆட்கள் வாங்கி இடித்தார்கள். முட்டைப் பூச்சுச் சுவரெல்லாம் செம்மண் தூசி அப்பியது. பிணத்தின் மேல் விழாமல் இரண்டு பொம்பளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள்.

செங்கல் சரிந்து நடுக்கதவின் பூ வேலை தெரிந்தது. அவர்கள் பக்கத்துத் தாழ்ப்பாளை நெம்பி எடுத்தார்கள். அக்கா கதவைத் தட்டினாள்.

“சின்னம்மா, தொறங்க. நான்தான்.”

அந்தப் பக்கம் அம்மா நின்றுகொண்டிருந்திருக்கிறாள். எண்ணெய் விட்ட தாழ்ப்பாள் சத்தமில்லாமல் நழுவியது. கதவு திறந்தது. அம்மா குளித்து வெள்ளைச் சேலை மாற்றியிருந்தாள். கக்கத்தில் ஒரு தலையணை.

“போங்க. கெணறு அந்தா இருக்கு” என்று வழிவிட்டாள்.

நாங்கள் பங்காளிகள் குடத்தோடு உள்ளே போனோம். அண்ணனும் நானும் சேர்ந்து கயிறு இழுத்தோம். அவன் கை என் கைமேல் பட்டபோதெல்லாம் தள்ளிப் பிடித்தான். வேட்டிப் பந்தலுக்குக் கீழே சங்கு முழங்க நீர்மாலை நடுக்கதவு வழியாக வந்தது. நாங்கள் திரும்பி வருவதற்குள் அம்மா பட்டாசாலைக்குப் போய், பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். மற்ற பொம்பளைகளைக் கட்டிக்கொண்டு ராகம் போட்டு அழுதாள்.

“எனக்கு முந்திக்கிட்டயே யக்கா... வாசல நீயே வச்சிக்கிட்டு என்னத்தக் கண்ட யக்கா... எம் மருமவ வந்த அன்னைக்கு அந்தச் சாவிய எங்க வச்ச யக்கா...”

கேட்ட பொம்பளைகளுக்கு அழுவதா, காது கொடுப்பதா என்று தெரியவில்லை. அண்ணன் பொண்டாட்டி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சாவு வீட்டில் அழுகிறவளை எழுப்ப முடியாது. பெரியம்மாவை எடுத்துப் போனார்கள். இரண்டு கதவும் திறந்து, பாடை நேராக, நிமிர்ந்து போனது. அம்மா எட்டிப் பார்த்து முழுவதையும் கவனித்தாள்.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் கொத்தனாரோடும் புதுச் செங்கலோடும் வந்தான். அம்மா பட்டாசாலையில், முன்வாசலுக்குப் பக்கத்தில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தாள். பெரியம்மா செத்த நாளிலிருந்து அந்தத் தலையணையோடு அங்கேதான் தரையில் படுத்தாள். கட்டிலை என்னிடம் தூக்கிவரச் சொல்லிப் போட்டது முந்தின நாள்.

“எந்திரிங்க சின்னம்மா. சுவரு வைக்கணும்.”

“வையி. நான் இந்தப் பக்கந்தான இருக்கேன். எனக்கு மறைக்காது.”

“போலீசக் கூப்பிடுவேன்.”

“கூப்பிடு. வந்தவன் என்னையத் தூக்கணும்லா? எந்த வழியாத் தூக்குவான்னு கேட்டு வையி. எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்.”

அண்ணன் கொத்தனாரைப் பார்த்தான். கொத்தனார் மட்டக்கோலைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “நான் சுவரு வைக்க வந்தேன் மொதலாளி. கெழவிய வச்சுக்கிட்டு சுவரு வைக்க என்னால ஆகாது” என்று போய்விட்டார்.

அதிலிருந்து அவள் அங்கேதான் இருக்கிறாள். அண்ணன் பொண்டாட்டி அவள் கட்டிலுக்குக் கீழே விளக்குமாற்றால் இடித்து இடித்துப் பெருக்குவாள். அம்மா வெற்றிலைச் சாற்றை வேண்டுமென்றே முற்றத்துக் கல்லில் துப்புவாள். போட்டோ எடுக்க வருகிற ஜோடிகள் முதலில் திகைத்து, பிறகு காலில் விழுந்து ஆசீர்வாதம் கேட்பார்கள். “வாசல் இருக்கிற வீடாப் பாத்து வாழப் போ” என்பாள். சில போட்டோக்களில் ஓரத்தில் முறைத்துக்கொண்டு தெரிகிறாளாம். நான் மூன்று வேளையும் சோறு கொண்டுபோகிறேன். நடுக்கதவு வழியாகப் போகும்போதெல்லாம் முதுகு கூசுகிறது. முன்கட்டுக்காரர்கள் என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

நேற்று அண்ணனே என்னைக் கூப்பிட்டான். முற்றத்துத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய், தாழ்ந்த குரலில் பேசினான்.

“இங்க பாருலே. அவிய செத்தா இந்த வாசல் வழியாவே எடுத்துக்க. ரெண்டு கதவையும் நானே தொறந்துவிடுதேன். நாலு பேருக்கு முன்னால சத்தியம் வேணும்னாலும் பண்ணுதேன். இப்பப் பின்னால கூட்டிட்டுப் போயிரு. வெளியூர்க்காரங்க வார எடம்.”

இத்தனை வருடம் நான் செருமிச் செருமிக் கேட்க முடியாமல் போனதை அவன் வாயால் சொன்னான். நான் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு வெற்றிலையை மடித்தாள்.

“வாசல் இந்தா இருக்கு. கட்டில்லருந்து உருட்டிவிட்டாலே வெளிய போய் விழுந்திருவேன். அவன் என்னத்தத் தொறக்கது? பின்னால போனாத்தான் அவன் தயவு வேணும். போகல. போய்ச் சொல்லு.”

நான் தூணுக்குப் பின்னால் திரும்பிப் போனேன். அண்ணன் காத்திருந்தான். “வரமாட்டாகளாம்” என்றேன். அவனிடம் நான் சொல்ல வந்ததை முழுசாகச் சொன்னது நேற்றுதான். அவன் என்னை மேலும் கீழும் பார்த்து, “வரவும் மாட்டா, சாகவும் மாட்டா” என்றான். இரண்டும் உண்மையாக இருக்கட்டும் என்று மனதில் சொல்லிக்கொண்டு, அவள் குளிக்கக் கிணற்றில் இறைத்து, குடத்தைத் தோளில் வைத்து நடுக்கதவு வழியாகவே கொண்டுபோய்க் கட்டிலடியில் வைத்தேன்.

விசுவாவசு வருடம், ஆவணி மாதம் இருபத்தேழாம் தேதி, வெள்ளிக்கிழமை.